நாலுசெல்லின் கன்னம்

விருத்தாசலத்தில் தாலி கட்ட நாள் குறித்துக் கொடுப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கட்டும் நொடியைக் குறிப்பவர் ஒருவர்தான். அவர் கையைத் தூக்கினால் மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நிற்கும். மேளக்காரர் அடித்துக்கொண்டே இருப்பார். பிளாஷ் தயார் என்று அதன் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் முடிச்சு விழும். போட்டோகிராபரான அவரை ஊர் நாலுசெல்லு என்று அழைக்கிறது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

உடம்பெல்லாம் பையாகத் தைத்த ஒரு காக்கி மேல்சட்டை அணிந்திருப்பார். சார்ஜ் ஏறிய பேட்டரி செல்கள் இடப்பக்கப் பைகளில், தீர்ந்தவை வலப்பக்கத்தில். அதனால் காலையில் இடப்பக்கம் சாய்ந்தபடி வருவார், பந்தி முடிகையில் வலப்பக்கம் சாய்ந்தபடி போவார். அடுத்த உலை வைக்கலாமா என்று சமையல்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். அவருடைய சாய்வைப் பார்ப்பார்கள்.

அவர் செல் வாங்குவதை வேடிக்கை பார்க்கவே கடைவீதியில் ஆள் நிற்கும். எலெக்ட்ரிக் கடை பாய் புதிதாக வந்த பாக்கெட்டை நீட்டுவார்.

"இத பாருங்க, நம்பரு எவ்ளோ பெருசு. ரெண்டு நாளு நிக்கும்."

"பாய், இவ்ளூண்டு குழாய்க்குள்ள அவ்ளோ கரண்ட எங்க வச்சாங்க? எழுதினவன் கை வலிக்காம எழுதியிருக்கான்."

பக்கத்து நகைக்கடைத் தராசில் அதை நிறுத்துப் பார்ப்பார். எடை குறைந்தால் அப்படியே திரும்பி வந்துவிடும். எடையில் தேறிய செல்லையும் உடனே வேலைக்கு எடுக்க மாட்டார். சார்ஜ் ஏற்றி, ஒரு மாதம் பீரோவில் போட்டு வைப்பார். சும்மா இருந்தே சார்ஜை இழந்துவிட்டதென்றால் அது பிள்ளைகளின் பொம்மைக் காருக்குப் போகும்.

பிளாஷுக்கு நாலு செல் வேண்டும். ஒரே பாக்கெட்டில் பிறந்த நாலும் சேர்ந்தே சார்ஜ் ஏறி, சேர்ந்தே தீர வேண்டும் என்பது அவருடைய சட்டம். "ஒண்ணு பசியோட இருந்தா, மத்த மூணும் அதுக்கு ஊட்டியே செத்துப்போவும் தம்பி" என்பார். குடும்பங்கள் கலந்துவிடாமலிருக்க மனைவியின் நகப்பாலிஷால் அடையாளம் வைத்தார். பாட்டில்கள் காலியானதும் அவருக்கு வீட்டில் சாப்பாடு தாமதமாக வரத் தொடங்கியது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பீங்கான் பட்டறைகளுக்குப் பொம்மையும் கோப்பையும் படமெடுத்துக் கொடுப்பவர் அவர். பட்டறை ஒன்றில் பொம்மைக்கு வண்ணம் பூசும் செல்வி அக்காவிடம் மெருகுக் குழம்பு கொஞ்சம் வாங்கிச் செல்களில் தடவிக்கொண்டார்.

"அண்ணே, இது சூளைக்குப் போனாத்தான் கலரு. அதுவரைக்கும் எல்லாம் மாவுதான்" என்றார் அக்கா.

"எனக்கு அடையாளம் தெரிஞ்சாப் போதும்மா."

அந்தச் செல்களோடுதான் என் தங்கை கல்யாணத்துக்கு வந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்த அப்பாவால் மாதா கோயிலுக்கு வர முடியவில்லை. செல்போன் திரையில் அவருக்குக் கண் தெரியாது. "தாலி கட்டுற படத்த மட்டும் பெருசாப் போட்டு எங்கையில குடுத்துடுப்பா" என்று நாலுசெல்லிடம் கேட்டிருந்தார். பங்குச் சாமியோ போட்டோவுக்காக எதையும் நிறுத்தாதவர். அவர் பீடத்தில் நாலுசெல்லின் கை செல்லாது.

கோயில் வாசலில் பெண் காரிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே விடாமல் பிளாஷ் அடித்து, பாதிச் செல்களைத் தீர்த்துவிட்டு, பிரசங்க நேரத்தில் மேல்சட்டையைக் கழற்றி ஜன்னலில் உலரப் போட்டார். என் அத்தைக்கு ஈரத்துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. இடம் வலம் பார்க்காமல் பைகளைக் காலி செய்து, செல்களையெல்லாம் ஒரு துண்டால் துடைத்து அதே துண்டில் முடிந்து வைத்துவிட்டார்.

கரண்ட் போனது. வெளியே மழை இருட்டு. நாலுசெல்லு ஓடி வந்தார்.

"செல்லு எங்கக்கா?"

"எல்லாம் பத்திரமா இருக்குது. ஒரே மாவு அப்பிக்கிடந்துச்சு. சுத்தமாத் தொடச்சுட்டேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். "பிளாஷ் இல்லாமலே எடுக்க முடியாதா அண்ணே?" என்றேன்.

"எடுக்கலாம். மாப்ள யாருன்னு அப்பா கேப்பாரு."

துண்டோடு முன்வரிசைக்குப் போய் மண்டியிட்டார். செல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணை மூடிக் கன்னத்தில் ஒற்றினார். இப்போதுதான் உழைத்து முடித்தது சூடாக இருக்கும். சார்ஜோடு காத்திருப்பது குளிர்ந்திருக்கும். இது தெரியாத பின்வரிசைப் பெண் ஒருவர், ஏதோ புனிதப் பொருள் என்று நினைத்துத் தானும் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டினார்.

சாமி தாலியை ஆசீர்வதித்து முடித்திருந்தார். மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கிவிட்டான். நாலுசெல்லின் கையில் குளிர்ந்த செல் மூன்றுதான் சேர்ந்திருந்தது.

சாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு மணமக்கள் பக்கம் திரும்பி, "இல்லறத்தில் பொறுமை ரொம்ப முக்கியம்" என்று ஆரம்பித்தார். பொறுமையின் வகைகளை விளக்கினார். ஒரு கண் மட்டும் முன்வரிசையில் இருந்தது.

நாலாவது கிடைத்தது. செல்களைப் போட்டு மூடும்போது, "வேற வேற குடும்பம்தான். இன்னிக்கு ஒரு நாளு சண்டை போடாம இருங்கடா" என்று அவர் முணுமுணுத்ததைக் கேட்டேன்.

"கல்யாணம்னா அப்படித்தானே" என்றார் அத்தை.

சிவப்பு விளக்கு எரிந்தது. சாமி பொறுமையை அத்தோடு நிறுத்தினார். முடிச்சு விழுந்தபோது கோயிலே வெளுத்தது.

அப்பா அந்தப் படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னார். அதன் பக்கத்தில், யாரோ செல்போனில் எடுத்த இன்னொரு படத்தையும் பெரிதாகப் போட்டு மாட்டியிருக்கிறோம். அதில் இரண்டு கன்னத்திலும் வெள்ளை மாவோடு ஒருவர் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். வருகிறவர்கள் பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்கிறார்கள். அப்பா தாய்மாமன் என்கிறார். நாங்கள் யாரும் திருத்துவதில்லை.