பாக்ஸர் அக்காவின் எடை

மலேசியாவின் கேமரன் மலையில் காலைப் பனி கலைவதற்குச் சூரியன் காரணமில்லை. பாக்ஸர் அக்காதான் காரணம். விடிந்ததும் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று இரண்டு கைகளாலும் பனியைக் குத்துவார். நானே பார்த்திருக்கிறேன். அது கலைந்த பிறகுதான் காலைத் தேநீர் குடிக்கப் போவார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து வெட்டுகிறவர். பெரிய கத்தரியை நாளெல்லாம் பிடித்துப் பிடித்துத் தோள்கள் இரண்டும் தேங்காய் போல இருக்கும். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, விடுமுறை நாள்களில் கீழே ஈப்போ நகருக்குப் பஸ் ஏறிப்போய்க் குத்துச்சண்டை கற்றுக்கொண்டார். தொழிற்சாலையில் கூட்டித் தள்ளிய தேயிலைத் தூளைச் சாக்கில் அடைத்து, கூரை விட்டத்தில் தொங்கவிட்டுக் குத்துவார். ஒரு குத்துக்கு ஒரு தும்மல். குத்து எது, தும்மல் எது என்று பக்கத்து வீட்டாருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒருமுறை பெண் பார்க்க வந்தார்கள். அக்கா விழுந்து கும்பிட்டு எழுந்தார். மாப்பிள்ளையின் மாமா ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினார். அக்கா தலையைச் சாய்த்து விலகி, அவர் விலாவில் இடது கையால் ஒன்று வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மாமா, கை தானா போயிடுச்சு."

சற்று நேரத்தில் மாமாவும் போய்விட்டார், மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு.

பிறகு அந்த அழைப்பு வந்தது. ஈப்போவில் தொழில்முறைச் சண்டை. எங்கள் மலையிலிருந்து அப்படி மேடையேறும் முதல் பெண் அவர்தான். ஏற்பாட்டாளர் போனில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: சண்டைக்கு முதல் நாள் எடை பார்ப்போம், வரம்புக்கு மேல் கூடியிருந்தால் சண்டை கிடையாது, மறுபடி கூப்பிடவும் மாட்டோம்.

எடை பார்ப்பார்கள் என்பது மட்டும் லயம் முழுக்கப் பரவியது. தோட்டத்தில் நிறுவை என்றால் ஒரே பொருள்தான். கிலோ கூடினால் பெருமை, குறைந்தால் திட்டு. நம் பிள்ளை ஈப்போத் தராசில் குறைந்துபோகலாமா? கங்காணி வீட்டுப் பெரியம்மா ஆட்டுக்கறிக் குழம்போடு தொடங்கிவைக்க, மற்ற வீடுகள் இட்லியும் பாயசமுமாகத் தொடர்ந்தன.

நான் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. எடை பார்க்கும் நாள் காலையில் எங்கள் தராசில் அக்காவை ஏற்றினேன். ஒன்றரைக் கிலோ அதிகம்.

"நல்லா ஏறியிருக்குல்ல கிராணி?" என்று பெரியம்மா பூரிப்போடு கேட்டார்.

கூடினால் சண்டையே கிடையாது என்ற விஷயத்தைச் சொன்னேன். பெரியம்மா கொழுந்து மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெரிந்துகொண்டே ஏன் சாப்பிட்டீர்கள் என்று அக்காவைக் கேட்டேன்.

"ஒவ்வொரு வீட்லயும் ஆசையா கொண்டாறாங்க. எந்தத் தட்ட வேணாம்னு சொல்றதுலா?"

வியர்த்து எடை இறங்கட்டும் என்று, வீட்டிலிருந்த ஸ்வெட்டர்களையெல்லாம் போட்டுக்கொண்டு, அக்கா பிரிஞ்சாங் ஊரிலிருந்து மேட்டில் ஓடத் தொடங்கினார். முன்னால் காய்கறி லோரி. அதில் பெண்கள் அத்தனை பேரும் நானும். நேற்றுவரை ஊட்டிய வாய்கள் இன்று தண்ணீர்கூடக் குடிக்காதே என்று அதட்டின. மேட்டிலிருக்கும் கியா பார்ம் சந்தைக் கடைக்காரர்களோ, ஓர் ஆளை ஏற்றாமல் விட்டுவிட்டோம் என்று நினைத்து லோரியை மறித்தார்கள். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எங்களைத் தாண்டி ஓடிவிட்டார். மேடு முடிந்த இடத்தில் பிடித்து, அவரையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கினோம்.

ஈப்போத் தராசில் முள் சரியாகக் கோட்டில் நின்றது. பெரியம்மா பழக்கத்தில் "ஐயோ, கொறஞ்சு போச்சே" என்று தலையில் கைவைத்தார். அப்புறம்தான் கைதட்டினார்.

மறுநாள் பகலில் சண்டை. எதிராளி பத்து வயது இளையவள். கடைசிச் சுற்றில் அக்காவின் கால்கள் தளர்ந்துவிட்டன, ஆனால் விழவில்லை. புள்ளிக் கணக்கில் தோற்றார். கால் ஏன் தளர்ந்தது என்று ஏற்பாட்டாளர் விசாரித்தபோது பெரியம்மா தலை குனிந்து நின்றார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தப் பொண்ணு அடிச்ச அடி சார். நல்லா அடிக்கிறா."

ஏற்பாட்டாளர் சிரித்து, அடுத்த மாதமும் வரச் சொன்னார்.

மாலையில் லோரி மலையேறியது. அக்கா பெரியம்மா மடியில் வீங்கிய கன்னத்தை வைத்துத் தூங்கினார். ஹார்ன் அடிக்காமல் அந்தப் பாதையின் வளைவுகளைத் திரும்ப எந்த டிரைவருக்கும் தைரியம் வராது. அன்று எங்கள் டிரைவர் ஒரு வளைவில்கூட அடிக்கவில்லை. எங்களில் ஒருவரும் அவரிடம் ஹார்ன் அடிக்கச் சொல்லவும் இல்லை.