காலம் கடித்த காது

கோயில் திருநாள் ஏலத்துக்கு மரத்தில் செதுக்கிய பொம்மை ஒன்று காணிக்கையாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே, அதை எடுக்காமல் வீடு திரும்புவதில்லை என்று கில்பட் சபதம் செய்துவிட்டான். ஆம்பிளை செய்தால் அது சபதம். பொம்பிளை செய்தால் அடம். யார் வகுத்த நியாயமோ!

எத்தாளை ஊரில் மரப்பொம்மை என்றால் கில்பட். மேளகாரன், மீன்காரி, கொம்பு முறிந்த மாடு என்று ஏலத்துக்கு ஏலம் எடுத்து வீட்டிலிருந்த ஒரே அலுமாரியை நிரப்பியிருந்தான். மனைவி றஜிதா வீட்டிலிருந்தே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவளுடைய புத்தகங்கள் பழைய மீன்பெட்டிக்குள். அவள் பரீட்சைக்குப் போனால் பூனைகள் பின்னால் போகும். பொம்மைக்குக் கண்ணாடிக் கதவு, அரசறிவியலுக்குக் கீரிமீன் வாசம்!

போன மாதம் கேட்டாள். "ஒரு தட்டாவது தாங்களன்."

"ஒரு தட்டா? ஒவ்வொண்டும் என்ட பிள்ளை மாதிரி. ஒண்டு அசைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

"ஒண்டு காணாமப் போனா?"

"அண்டைக்கே பிடிப்பன். பிடிக்காட்டி அலுமாரியே உனக்கு. காணுமா?"

"காணும்."

போதும் என்று றஜிதா ஒரு வாக்குவாதத்தை ஒரே சொல்லில் முடித்தது அதுதான் முதல் தரம். அதையாவது அவன் கவனித்திருக்கலாம்.

திருநாளன்று சேவலும் வாழைக்குலையும் விலைபோன பிறகு, ஏலம் விட்ட கோயில் மூப்பர் இன்னாசிப்பிள்ளை பொம்மையை உயர்த்திப் பிடித்தார். முதுகு வளைந்து கரைவலை இழுக்கிற ஒருவன். வலது காது இல்லை.

கில்பட் துள்ளி எழும்பினான். "இதுக்கு ஜோடி என்ட வீட்டில இருக்கு. ஆனா அதில இந்த உயிர் இல்ல! காதைப் பாருங்க, காலம் கடிச்ச காது!"

பக்கத்தில் நின்ற கருவாட்டு வியாபாரி மஸாஹிர் கண்ணைச் சுருக்கினார். "தம்பி, இத ஒங்கட ஊட்டுலயே கண்டாப்போல ஈக்கிதே."

"நாநா, உங்களுக்குக் கருவாடு தெரியும். கலை வேற."

"அப்பிடியா?" என்ற மஸாஹிர் ஏலக் கேள்வியைக் கூட்டினார். கில்பட் அதற்கு மேல் போனான். அவர் இன்னும் கூட்டினார். கோயில் கூரைக்குப் புது ஓடு போடலாம் என்கிற உயரத்துக்கு விலை ஏறியதும் மஸாஹிர் கையைக் கட்டிக்கொண்டார். "மூண்டு தரம்!" என்றார் மூப்பர்.

வரும் வழியில் கில்பட் அந்த வளைந்த முதுகைத் தடவிப் பார்த்தான். வலைகாரனின் கண் கடலில் இல்லை, காலடி மணலில் இருந்தது. களைத்த கண். எத்தனை காலமாய் இழுக்கிறானோ, ஒருத்தரும் கை கொடுக்காமல்! ஒரு பொம்மையை அவன் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

வீட்டில் றஜிதா படித்துக்கொண்டிருந்தாள். அலுமாரியைத் திறந்தான். வலைகாரன் நின்ற இடத்தில் ஒரு தடித்த புத்தகம் நின்றது.

"இதுக்க நிண்டவன் எங்க?"

"உங்கட கையில."

"இல்ல... இதிட காது..."

"நத்தார் பண்டிகைக்கு அலுமாரிக் கதவை அடிச்சுச் சாத்தினீங்களே, அப்ப போனது. போன கிழமை கோயிலுக்குக் காணிக்கையாக் குடுத்தன். பிறகும் வாறவங்களுக்கெல்லாம் அலுமாரியத் திறந்து காட்டினீங்க. காட்டேக்க அவங்கட முகத்தைத்தானே பாக்கிறீங்க, பொம்மையை எங்க பாத்தீங்க?"

கில்பட் பொம்மையின் காது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

றஜிதா பக்கத்தைப் புரட்டினாள். "மீன்பெட்டியைக் கழுவி வெயில்ல வச்சிருக்கன். உங்கட பிள்ளையளுக்கு மணக்காது."