ரிஜெக்ட் அண்ணனுக்கு நான் போட்ட கையெழுத்துகள்

கடவுளே ஒரு இரும்பு புஷ்ஷைக் கடைந்து கொண்டுவந்து எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் வைத்திருந்தாலும், ரிஜெக்ட் அண்ணன் அதைக் கண்ணருகே பிடித்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, “உள்விளிம்புல பிசிறு இருக்குது சாமி, எடுத்துகினு போ” என்றுதான் சொல்லியிருப்பார்.

பீன்யா தொழிற்பேட்டையில் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனி அது. நான் லேத்தில் புஷ் என்கிற இரும்பு வளையங்களைக் கடைவேன், அவர் தரம் பார்ப்பார். அப்போதே அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நான் கடைந்ததில் அவர் தள்ளியதை எல்லாம் உருக்கினால் ஒரு கோயில் மணியே வார்க்கலாம். தள்ளும்போது திட்ட மாட்டார். சிவப்புச் சீட்டில் காரணம் எழுதி, பீஸில் நூல் போட்டுக் கட்டி, “அடுத்தது” என்பார். அந்த ‘அடுத்தது’தான் வலிக்கும்.

அதே மனிதர் கேன்டீனுக்குள் நுழைந்தால் வேறு ஆள். உப்பில்லாத சாம்பார், கல்லாய்ப் போன இட்லி, எந்த நாளில் பொரித்தது என்று தெரியாத போண்டா, எல்லாம் பாஸ். காலையில் கம்பெனி பஸ் ஏறுமுன் எங்கள் ஏரியா மர்பி டவுனில் நாலு இட்லி. கம்பெனி வாசலில் இறங்கியதும் சௌ சௌ பாத், அதாவது காரத்துக்கு உப்புமாவும் இனிப்புக்குக் கேசரியும் ஒரே தட்டில். பதினோரு மணிக்கு மத்தூர் வடை. மத்தியானம் அண்ணி கட்டிக் கொடுத்த மூன்றடுக்கு கேரியர். அதைத் தின்ற களைப்புக்கு ஒரு மைசூர் பாக். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் யார் வீட்டில் பிரியாணிக்குத் தம் உடைத்தாலும், “ஊட்டா ஆயித்தா?” என்று, சாப்பாடு ஆச்சா என்பதைக் கன்னடத்தில் விசாரித்தபடி முதல் தலை அவருடையதுதான் உள்ளே வரும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். “எப்படிண்ணே? எங்க பீஸ்ல முடி அளவு தப்பு இருந்தா தள்றீங்க. சாம்பார்ல முடியே இருந்தாலும் சாப்பிடறீங்க?”

“பீஸு போயி எங்கயோ ஒரு பம்புல உக்காரணும்ப்பா. சாம்பாரு என் வயித்துலதான உக்காருது? என் வயிறு இதுவரைக்கும் ஒரு சரக்கையும் ரிட்டர்ன் அனுப்பினதில்ல.”

வயிறு அனுப்பவில்லை. கண் அனுப்பியது. பல வருஷமாகச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்த சர்க்கரையோடு, வலது கண்ணில் புரையும் வந்து சேர்ந்தது. கண் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: ஆபரேஷன் சின்னதுதான், ஆனால் இந்தச் சர்க்கரையோடு கண்ணில் கை வைக்க மாட்டேன், மூன்று மாதத்தில் இறக்கிக்கொண்டு வாருங்கள்.

விஷயத்தை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் அடுத்த தெருக்காரன், பஸ்ஸில் பக்கத்து ஸீட்.

“மேனேஜரு காதுக்குப் போனா என்னைத் தூக்கிப் பேக்கிங்ல போட்டுருவாங்க. அட்டைப் பொட்டிக்கு டேப்பு ஒட்டறதுக்காப்பா இருபத்தாறு வருஷமா இந்தக் கண்ண வளர்த்தேன்?”

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரிஜெக்ட் அண்ணனுக்கு டயட் என்றெல்லாம் இருக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இன்ஸ்பெக்‌ஷன் ஒன்றுதான். அந்த வார இறுதியில் அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சமையல்கட்டுக்குள் புகுந்தார். சர்க்கரை டப்பாவுக்குச் சிவப்பு. ராகிக்கும் கீரைக்கும் பச்சை. அரிசிக்கு மஞ்சள், அதாவது காய்கறியோடு கலந்து திருத்தி எடுத்தால் ஏற்கப்படும். அண்ணி காலையில் எழுந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“பாரு தம்பி, என் அடுப்படி கம்பெனி மாதிரி ஆயிப்போச்சு. என் கழுத்துல மட்டும்தான் இன்னும் சீட்டு கட்டல.”

“கட்டலாம்னுதான் பாத்தேன். எந்தக் கலருன்னு முடிவு பண்ண முடியல” என்றார் அண்ணன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சும் இல்லை, தாளிப்பும் இல்லை.

உடம்புக்கு மட்டும் என்றால் இதோடு முடிந்திருக்கும். மனசுக்கும் வந்தது சோதனை. ஒருநாள் யஷ்வந்த்பூர் தாண்டி ஒரு சிக்னலில் எங்கள் பஸ்ஸை ஒட்டி பிராய்லர் கோழி லாரி ஒன்று வந்து நின்றது. கூண்டின் மேல் கூண்டு. அண்ணனின் ஜன்னலுக்கு நேராக ஒரு கோழி, திரும்பக்கூட இடமில்லாமல். லாரி போன பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னைப் பாத்த பார்வையப் பாத்தியா?”

“எப்படிண்ணே பாத்துச்சு?”

“பீஸு ரிஜெக்ட் ஆனா நீ பாப்பியே, அப்படி.” பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “இரும்பு வந்தா சர்ட்டிபிகேட் எங்கன்னு கேக்கறேன். எங்க உருக்கினது, யாரு உருக்கினதுன்னு கேக்கறேன். உசுருக்கு ஒரு தபாகூட கேக்கலியேப்பா.”

மறுநாளே கேட்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் தெருமுனைக் கோழிக்கடை பாய்தான் முதல் பலி.

“பாய், இந்தக் கோழி பொறந்ததுல இருந்து எத்தினி அடி நடந்திருக்கும்?”

“அண்ணே, நானே இந்தக் கல்லாவ விட்டு எழுந்து நடந்ததில்ல.”

“எங்க வளர்ந்துச்சு? எப்படி வளர்த்தாங்க? குணம் எப்படி?”

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “கோழி வாங்க வந்தீங்களா, பொண்ணு கேட்டு வந்தீங்களா?”

அண்ணன் வெறும் பையோடு வீடு திரும்பினார். இப்படியாக உடம்புக்கு ஆகுமா, மனசுக்கு ஆகுமா என்று இரண்டு கேள்வியும் தாண்டித்தான் ஒரு வாய் உள்ளே போகவேண்டும் என்று ஆகிவிட்டது. பத்து நாள் தாக்குப்பிடித்தார். பதினோராம் நாள் என் லேத்துக்கு முன்னால் வந்து நின்று, மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

அது டீவியேஷன் தாள். எங்கள் தொழிலில் அளவு கொஞ்சம் பிசகின சரக்கை ‘இந்த ஒரு தடவை போகட்டும்’ என்று எழுதி அனுப்புவதற்கு டீவியேஷன் என்று பேர். மேனேஜரே கெஞ்சியும் இருபத்தாறு வருஷத்தில் ஒன்றுக்குக்கூட ஒப்புக்கொள்ளாதவர் இவர். இந்தத் தாளில் அவர் கையாலேயே எழுதியிருந்தது: பொருள், மைசூர் பாக். எண்ணிக்கை, ஒன்று. விலகலுக்குக் காரணம், வாசனை. ஒப்புதல் என்ற இடம் காலியாக இருந்தது.

“இன்னாண்ணே இது?”

“கேக்கறவனே கையெழுத்து போடக்கூடாதுப்பா, ரூலு. வேற டிபார்ட்மென்ட் ஆளு போடணும். நீ ப்ரொடக்‌ஷன்தான?”

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? என் பீஸ்களை மலை மலையாகத் தள்ளின மனிதர், தலையைக் குனிந்துகொண்டு, என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் பரிதாபம், நிறையத் திமிர். கையெழுத்துப் போட்டுக் கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

அதன் பிறகு தாள்கள் வரிசை கட்டின. ஒப்பட்டு என்கிற போளி இரண்டு, காரணம்: மாமியார் கைப்பக்குவம், மறுத்தால் குடும்பம் உடையும். பென்னெ தோசை, அதாவது வெண்ணெய் தோசை, ஒன்று, காரணம்: மழை. நிச்சயதார்த்தப் பந்தியிலிருந்து வாட்ஸப்பில் இலையின் போட்டோவோடு ‘அவசரம், பரிமாறுபவர் காத்திருக்கிறார்’ என்று வரும். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்புவேன்.

நெலமங்கலா பக்கம் ஒரு கோழிப்பண்ணையைச் சோதிக்கப் போனதுதான் உச்சம். என் பைக்கின் பின்னால் அட்டையும் அளவு டேப்பும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். கூண்டின் நீளம், அகலம், வெளிச்சம், தண்ணீர் எல்லாம் குறித்தார். பண்ணை முதலாளி கௌடருக்கு வேர்த்துவிட்டது.

“நீங்க எந்த டிபார்ட்மென்ட்டு சார்?”

“குவாலிட்டி” என்றார் அண்ணன், உள்ளதைச் சொல்லும் தொனியில்.

கௌடர் எங்களை அரசாங்க ஆட்கள் என்றே முடிவு கட்டி, “ஒளகெ பன்னி சார்” என்று கன்னடத்தில் வரவேற்று வீட்டுக்குள் அழைத்துப்போய் இலை போட்டுவிட்டார். ராகி முத்தே என்கிற களி உருண்டை, நாட்டுக்கோழிச் சாறு. அண்ணன் கையை வைக்கவில்லை. “இந்தக் கோழி நடந்துச்சாம்மா?” என்று கௌடரின் மனைவியைக் கேட்டார்.

“நடந்துச்சாவா? இதப் புடிக்க நேத்துப் பூரா நாங்கதான் சார் நடந்தோம்!”

அண்ணன் முகம் மலர்ந்ததே, அடடா. பண்ணைக்கு அட்டையில் நாலு குற்றம் எழுதினவர், அந்த ஒரு கோழிக்கு மட்டும் பெரிதாக ஓகே போட்டார். “மனசுக்கு பாஸு. உடம்புக்குத்தான் ஒரு டீவியேஷன்” என்று என்னிடம் தாளை நீட்டினார். நாலாவது முத்தேக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது, நாங்கள் எந்த அரசாங்கமும் இல்லை என்பதை அவரே கௌடரிடம் சொல்லிவிட்டார். கௌடர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

ஆறாவது வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது. இப்படியே போனால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றார் டாக்டரம்மா. அன்று சாயங்காலம் அண்ணி என் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு ஃபைல். அண்ணனல்லவா, எல்லாத் தாளையும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தார்.

“அத்தினிலயும் உன் கையெழுத்துதான் இருக்குது தம்பி” என்றார் அண்ணி. “அழகா வேற போட்டிருக்கே.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் அது நடந்தது. நான் பன்னிரண்டு புஷ் கொண்டுபோய் வைத்தேன். பன்னிரண்டும் பாஸ். என் வாழ்நாளில் முதல் தடவை! விசில் அடிக்காத குறையாக லேத்துக்குத் திரும்பி, ஆசைக்கு ஒரு பீஸை எடுத்துக் கட்டைவிரலால் உள்விளிம்பைத் தடவினேன். விரலில் குத்தியது. பிசிறு. கண் நன்றாக இருந்த காலத்தில் அவர் மூன்றடி தள்ளி நின்றே கண்டுபிடித்திருக்கக்கூடிய பிசிறு. அதன்மேல் அவருடைய பச்சை முத்திரை பளிச்சென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மேசையில் விளக்கை முகத்துக்கு வெகு அருகே இழுத்துவைத்துக்கொண்டு, அடுத்தவன் பீஸைக் கண்ணில் இடித்துவிடுகிற மாதிரி பிடித்திருந்தார். அந்தப் பீஸை என் டூல் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன். மீதிப் பதினொன்றையும் நானே மறுபடி தடவிப் பார்த்தேன். அன்றிலிருந்து என் சரக்கு மட்டுமல்ல, அவர் மேசைக்குப் போகிற எல்லார் சரக்கையும் ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு தடவை தடவிவிட்டுத்தான் அனுப்பினேன். என் கட்டைவிரல் காய்த்துப்போனது.

இரண்டு நாள் கழித்து வழக்கம்போல் தாள் வந்தது. கேசரி பாத், அரைத் தட்டு. ஒப்புதல் இடத்தில் ‘ரிஜெக்ட்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னாப்பா இது? அரைத் தட்டுதான்!”

“அடுத்தது” என்றேன்.

அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. இருபத்தாறு வருஷமாக மற்றவர்களுக்குக் கொடுத்த மருந்தை முதன்முதலாக அவர் ருசி பார்த்தார். பஸ்ஸில் ஸீட் மாறி உட்கார்ந்தார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ரூல் ரூல்தான் என்று தாளை மட்டும் தினமும் அனுப்பினார். நானும் தினமும் ரிஜெக்ட் எழுதினேன். ‘காரணம்: தீபாவளி’க்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன்.

அண்ணி என் பக்கம். பலாக்காயில் பிரியாணி, முருங்கைக்கீரை போட்டு ராகி அடை, கௌடர் வீட்டு நடந்த கோழி மாதத்துக்கு ஒன்று என்று மனுஷி சளைக்காமல் சமைத்தார். அண்ணனும் சாயங்காலங்களில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தார். “கோழிய மட்டும் நடந்துச்சான்னு கேட்டா போதுமா?” என்று அவரே சொல்லிக்கொண்டாராம்.

மூன்று மாதம் என்றது நாலானது. சர்க்கரை இறங்கியது. ஆபரேஷனும் முடிந்து கண்ணும் திறந்தது.

லீவு முடிந்து அவர் வந்த அன்று, பன்னிரண்டு பீஸை அவர் மேசையில் வைத்தேன். நடுவே, டூல் பெட்டியின் அடியில் கிடந்த அந்தப் பழைய பீஸும் இருந்தது. எனக்கு அந்தக் கண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அதைக் கையில்கூட எடுக்கவில்லை. “பிசிறு” என்றார்.

பிறகுதான் எடுத்தார். பச்சை முத்திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது என் முத்திரை.”

“ஆமாண்ணே.”

“எப்போ?”

“அண்ணி ஃபைலக் காட்டினாங்களே, அதுக்கு அடுத்த வாரம்.”

அவர் என் கட்டைவிரலை ஒரு தடவை பார்த்தார். சிவப்புச் சீட்டை எடுத்துக் காரணம் எழுதினார். ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் இத்தனை வருஷமாகத் தன் கையெழுத்தைத் தவிர வேறெதையும் எழுதாத மனிதர், அன்று என் பெயரை எழுதினார். நூல் போட்டுக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டு, “அடுத்தது” என்றார்.

மிச்சம் இருந்த பதினொன்றில் நாலைத் தள்ளினார். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் நாற்பதைத் தள்ளியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் பஸ்ஸில் பழைய ஸீட்டுக்கே வந்து உட்கார்ந்து, மெல்ல ஒரு தாளை நீட்டினார். மைசூர் பாக், பாதி. காரணம்: கண் திறந்த சந்தோஷம். நான் ரிஜெக்ட் எழுதிக் கொடுத்தேன். வாய்விட்டுச் சிரித்து, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மைசூர் பாக்கை நானும் விட்டு ரொம்ப நாளாகிறது. எனக்குச் சர்க்கரை எல்லாம் இல்லை. அவரை விட்டுத் தனியாகத் தின்ன மனசு வரவில்லை, அவ்வளவுதான்.