அவித்த முட்டையில் வந்த ஆவி

சனிக்கிழமை வந்துவிட்டால் கித்கும் நகரத்துக்குப் பக்கத்து ஊர்களில் கோழிக்கூடெல்லாம் காலி. முட்டைகள் அத்தனையும் துணி முடிச்சில் பத்திரமாக ஏறி ஒகோரா சந்தைத் திடலுக்குப் புறப்பட்டுவிடும். அங்கேதான் டாக்டர் கிடேகா இருக்கிறார். எந்தக் கல்லூரியில் படித்த டாக்டர் என்று கேட்காதீர்கள், பேய் கோபித்துக்கொள்ளும். உடம்பில் சிறுத்தைத் தோல், கழுத்தில் சிவப்பு டை. தலைக்குள் பதுங்கியிருக்கும் ஆவியை முட்டைக்குள் இழுத்துப் பிடிப்பது அவர் தொழில்.

நோயாளி தன் வீட்டு முட்டையையே கொண்டுவர வேண்டும். மனிதர் அவ்வளவு நேர்மை. அதைத் தலையில் உருட்டுவார், சிறுத்தைத் தோலுக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவி நடுங்குவார், பிறகு தட்டில் உடைப்பார். மஞ்சள் கருவோடு ஒரு துப்பாக்கிக் குண்டு வந்து விழும். போர் ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் தூங்க முடியாத சனங்கள் அதைப் பார்த்துத் தேம்பி அழும். உடனே ஆவிக்குப் பசி வந்துவிடும். இந்தப் பக்கத்து ஆவிகளுக்கு ஏனோ கீரை பிடிப்பதில்லை. ஆடுதான் வேண்டும், அதுவும் கொழுத்ததாக.

எங்கள் அச்சோலி சனத்துக்கு முட்டை மேல் தனி நம்பிக்கை. கிளர்ச்சிக்காரர்கள் பிள்ளைப் பருவத்தில் தூக்கிப் போனவர்கள் காட்டிலிருந்து திரும்பினால், வாசலில் முட்டையை மிதித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மிதித்தால் பழையது போயிற்று, நீ எங்கள் ஆள் என்று அர்த்தம். நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கம் இருக்கிற இடத்தில்தானே திருடனுக்கும் கடை போட வசதி.

லாக்கேருக்கு இந்தக் கூத்தெல்லாம் வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது, பிலோயாவின் முட்டை உடைகிறவரை.

பிலோயா அப்படி முட்டை மிதித்து ஊருக்குள் வந்தவள். லாக்கேர், போருக்குப் பயந்து ஓடிப்போய்த் தங்கிய முகாமில் காலராவுக்கு மகன் ஓலான்யாவைப் பறிகொடுத்தவள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இருந்தவர்களை மனநல ஆலோசகர் அத்யாங் மாமரத்தடியில் ஒரே வட்டத்தில் உட்காரவைத்தாள். ஊர்க்காரர்களும் திரும்பி வந்தவர்களும் கெட்ட கனவைப் பேசினார்கள், அழுதார்கள், சண்டை போட்டார்கள். பிறகு சங்கமாகச் சேர்ந்து ஒரு சோடி உழவு மாடு வாங்கி எள் விதைத்தார்கள். பிலோயா மாட்டை நடத்த, லாக்கேர் மேழி பிடிப்பாள். இதில் மந்திரம் இல்லை, டை கட்டிய ஆளும் இல்லை. அப்புறம் எப்படிக் கூட்டம் வரும்?

தூக்கம் வராத பிலோயாவும் ஒரு சனிக்கிழமை முட்டையோடு திடலுக்குப் போனாள். கிடேகா அதை உடைத்துக் குண்டை உயர்த்திக் காட்டினார்.

"இது ஓலான்யாவைக் கொன்ன குண்டு. அவன் ஆவி இவ தலைக்குள்ள உக்காந்து, சங்கத்துச் செவலை மாட்டைக் கேக்குது. அடுத்த சனிக்கிழமை குடுக்கலேன்னா, அந்த ஏரைத் தொட்டவங்க யாரும் பொழைக்க மாட்டாங்க."

பையன் காலராவில் போனான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் குண்டைக் கண்ணால் பார்த்த பிறகு ஞாபகம் எதற்கு? பிலோயாவைப் பார்க்கிற பார்வை மாறிப்போயிற்று. மாமரத்தடியில் பாதிப்பேரைக் காணோம். மழை இறங்கியும் ஏர் சும்மா கிடந்தது. லாக்கேர் பிலோயாவின் குடிசைக்கே போனாள்.

"கிட்ட வராதீங்கக்கா. உங்க பிள்ளைய நான்தான்..."

"வாய மூடு. என் மடியில வாந்தி எடுத்தே செத்தான். வட்டத்துல நீயும் கேட்டவதானே?"

"கேட்டேன். ஆனா முட்டை பொய் சொல்லுமா?"

"முட்டை சொல்லாது. அதைக் கையில வச்சிருக்கிறவன் சொல்லுவான்."

"மாட்டைக் குடுத்துடலாம்க்கா. எனக்குத் தூங்கணும்."

லாக்கேர் விருட்டென்று வெளியே வந்தாள். செத்த பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறானே, பாவி. மாடு போனால் ஏர் போயிற்று. ஏர் போனால் பிலோயாவும் போய்விடுவாள்.

சனிக்கிழமை செவலை மாட்டைத் திடலில் கட்டியிருந்தார்கள். லாக்கேர் முந்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வைத்தியரே, மாடு எங்கயும் போகாது. பெத்தவ தலையிலயும் பிள்ளை இருப்பான்ல, மொதல்ல எனக்குப் பாருங்க. இந்தாங்க, என் கோழி போட்ட முட்டை."

கிடேகாவுக்கு வாயெல்லாம் பல். உருட்டினார், உறுமினார், தோலுக்குள் கையை விட்டு நடுங்கினார், உடைத்தார். தட்டில் வெள்ளையும் மஞ்சளும் வழவழவென்று ஓடின. நடுவே குண்டு. கூட்டம் கன்னத்தில் கை வைத்தது.

லாக்கேர் தட்டைத் தூக்கிக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்கங்க. பச்சை முட்டைதானே?"

"பச்சைதான், பச்சைதான்" என்றது கூட்டம்.

"நான் குடுத்தது அவிச்ச முட்டை. காலைல நானே அவிச்சேன்."

கூட்டம் மறுபடி தட்டை எட்டிப் பார்த்தது. ஆனால் நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் சாகுமா? ஏற்கெனவே ஆடு கொடுத்திருந்த ஓர்யெம் எழுந்தார். "பேயோட சூட்டுல பச்சையா மாறியிருக்கும்."

"மாமா, சூடு பட்டா முட்டை வேகும். வெந்தது திரும்பப் பச்சையாகுமா? அப்படின்னா நேத்து நீங்க தின்ன கோழி இப்ப உங்க வயித்துக்குள்ள கொக்கரிக்கணுமே."

ஓர்யெம் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு கிளம்பியது. கிடேகா நழுவப் பார்த்தான். இனிமேல் இவனுக்கு 'ர்' எதற்கு? குறுக்கே வந்து நின்றவள் பிலோயா. தோலைப் பிடித்து இழுத்தாள். உள்ளே தைத்திருந்த பையிலிருந்து லாக்கேரின் முட்டை உருண்டு விழுந்தது. லேசான விரிசல் மட்டும். கூடவே துளை போட்டு மெழுகால் அடைத்த பச்சை முட்டைகள் விழுந்து உடைய, ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு. அடுத்தடுத்த நோயாளிகளின் பேய்கள் முன்கூட்டியே வந்து காத்திருந்தன.

டையை முதலில் பிடித்தவர் ஓர்யெம்தான். "என் ஆடு எங்கடா?"

பிலோயா அவித்த முட்டையை எடுத்து உரித்து, பாதியை லாக்கேரிடம் நீட்டினாள்.

"கனவு இன்னைக்கும் வருமேக்கா."

"வரும். எனக்கும்தான் வருது. வட்டத்துல வந்து சொல்லு. இப்ப மாட்டை அவுரு, ஈரம் காயறதுக்குள்ள உழணும்."

முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஊரே திரளுகிறது. அதை உருட்டுகிறார்களே, அந்தத் தலைக்குள்ளும் ஒன்று இருக்கிறது. எப்போதாவது அதையும் பயன்படுத்திப் பாருங்கள். அது ஆடு கேட்காது.