எங்கள் வேனுக்குக் கஞ்சி போட்ட கதை

ஒரு குடும்பத்தின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள அவர்கள் வீட்டைப் பார்த்துப் பிரயோசனமில்லை. விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் எந்த வீடும் ஒரு மணி நேரத்தில் நல்ல வீடாகிவிடும். (அழுக்குத் துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எங்கள் வீட்டில் பீரோவுக்கு மேலே.) அவர்கள் வைத்திருக்கும் வண்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். உண்மை அங்கேதான் இருக்கும். எங்கள் வேனில் அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

என் அப்பா பட்டுச் சேலை நெய்கிறவர். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தறி, வாசலில் வேன். தறியை அப்பா தினமும் துடைப்பார். காபி டம்ளரோடு தறிப் பக்கம் போனால் வீடே அதிரும்படி கத்துவார். ஆனால் வேனை அவர் துடைத்து யாரும் பார்த்ததில்லை. சாயப் பட்டறைக்குப் பட்டு போவதும், கடைக்குச் சேலை போவதும், வாலாஜாபாத் அரிசி ஆலையிலிருந்து மூட்டை வருவதும், உற்சவ நாளில் பிரசாதக் கூடைகள் போவதும் அதில்தான். தெருவில் யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஒரு தடவை கழுவலாமே என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான்.

“வண்டி ஓடுது இல்ல? அப்புறம் இன்னா?”

இந்த வேனை நம்பி என் காதல் நிற்கும் என்று அப்போது யார் கண்டது?

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியிலேயே ரேவதியும் வேலை பார்த்தாள். ஊர் வாலாஜாபாத். அவளைத் தனி ஆளாக வளர்த்தவர் அவள் அம்மா. அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ‘சிஸ்டரம்மா’ என்றுதான் கூப்பிடும். அவர் வார்டில் இருந்த காலத்தில் ஈக்கள்கூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருமாம். அவர் வீட்டில் கால்மிதியில் கால் வைப்பதற்கு முன்பே காலைக் கழுவ வேண்டும். ரேவதியைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையை, டம்ளர் வைத்த இடத்தில் காபி வட்டம் விழுந்துவிட்டது என்பதற்காகவே வேண்டாம் என்றவர்.

அப்பேர்ப்பட்டவர் எங்கள் விஷயம் தெரிந்ததும் கத்தவில்லை, அழவில்லை. “ஞாயித்துக்கிழமை அவங்க வீட்ட வந்து பாக்கறேன். அப்புறம் சொல்றேன்” என்றார். ரேவதி என்னிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: “எங்கம்மா வேணான்னா வேணாந்தான். அவங்கள விட்டுட்டு நான் வர மாட்டேன்பா.”

என் அம்மா அன்றே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் நிம்மதியாக இருந்தேன். அப்பாதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“சம்பந்தி ஆவப்போறவங்கள பஸ்ல வரச் சொல்றதா? நம்ம வண்டி இருக்குது இல்ல? போய் இட்டுக்கினு வா.”

ரேவதிக்குப் போன் செய்தேன். எங்கள் வேனில் ஒரு தடவை ஏறியவள் அவள். “அந்த வண்டியா? எங்கம்மா கதவத் தொறப்பாங்க, அப்படியே சாத்திட்டு வீட்டுக்குள்ள போயிடுவாங்க. அதோட முடிஞ்சிடும்” என்றாள்.

சனிக்கிழமை காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனுக்குள் இறங்கினேன். ஏறினேன் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அது இறங்குவதுதான்.

முதலில் கால்மிதிகளை இழுத்தேன். வரவில்லை. அவை தரையோடு ஐக்கியமாகிப் பல காலம் ஆகியிருந்தது. கரண்டியால் நெம்பி எடுத்தால், அடியில் அரிசி ஆலை மூட்டையிலிருந்து கொட்டிய நெல் முளைத்து, வெளிச்சம் படாமல் வெளிறிப்போய், கதவு இடுக்கைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. எங்கள் வம்சத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. முதல் விளைச்சலை வேனில் பார்த்தேன்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் மந்தாரை இலையில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் கோயில் இட்லி. மிளகும் சுக்கும் போட்டு அவிக்கிற இந்த இட்லி நாள்பட்டாலும் கெடாது என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமை பொய்யில்லை. கெடவில்லை, கல்லாகியிருந்தது. சிமென்ட் தரையில் தட்டிப் பார்த்தேன், தரையில்தான் கீறல் விழுந்தது. குப்பையில் போடப் போனவனை அம்மா ஓடி வந்து தடுத்தாள். “அடப்பாவி, பெருமாள் பிரசாதம்டா!” இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கால் படாத இடமாகப் பார்த்து, பின்கட்டில் பூசணிக்கொடிக்குப் பக்கத்தில் புதைத்தாள். (அந்தக் கொடியில் பிறகு காய்த்த பூசணியை அரிவாளால்தான் வெட்ட வேண்டியிருந்தது என்பது அப்பாவின் கட்டுக்கதை.)

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அருவருப்பு போய், ஒருவித பயபக்தி வர ஆரம்பித்தது. கடைசியாகப் பின் சீட்டைக் கழற்றித் தூக்கினேன். அடியில் யாரோ ஒரு விரிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். கையில் எடுத்த பிறகுதான் அது விரிப்பில்லை என்று தெரிந்தது. எத்தனையோ வருடங்களாகச் சேலை மூட்டைகளிலிருந்து உதிர்ந்த பட்டிழையும், அறுந்த சரிகையும், கத்தரித்துப் போட்ட முடிச்சு நூலும், ஈரத்திலும் மிதியிலும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து சீட் அகலத்துக்கு ஒரே துணியாகியிருந்தது. உதறிவிட்டு வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை, வாடாமல்லி எல்லாம் கலந்து, நடுநடுவே தங்கம் மின்னியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தறியிலிருந்து எழுந்து வந்த அப்பா அதைத் தடவிப் பார்த்தார். “நான் உள்ள ஒக்காந்து நெய்யறேன்னா, இது வெளிய நின்னுக்கினே நெய்ஞ்சிருக்குது பாரேன்!” என்று வேனை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரைக்க அடித்து, சீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் முதலில் கறுப்பாகப் போனது, பிறகு டீயாகப் போனது, அப்புறம்தான் தண்ணீராகப் போனது. சீட்டின் நிறம் வெளியே வந்தது. நீலம்! பிறந்ததிலிருந்து நான் பழுப்பு என்று நினைத்திருந்த சீட். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நம்மளுதாடா இது?” என்றாள்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

கழுவிய சீட் துணி தொளதொளவென்று கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் தெருவில் சேலைக்கான நீள இழைகளை (பாவு என்போம்) விடிகாலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்துக் காயவைப்பார்கள். துவண்டு கிடந்த இழை விறைப்பாகிவிடும். பாவுக்குப் போடுகிற கஞ்சியைச் சீட்டுக்குப் போட்டால் என்ன? நான் தறியில் உட்கார்ந்து ஓர் அங்குலம் நெய்ததில்லை. ஆனால் நெசவுக்காரன் மகன் என்கிற திமிர் மட்டும் பாவு நீளத்துக்கு இருந்தது.

அப்பா சேலை கொடுக்கக் கடைக்குப் போயிருந்தார். கேட்கவும் தோன்றவில்லை. அவர் தெளிக்கிற கஞ்சி தண்ணீர் மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். முடி போன்ற இழைக்கே அவ்வளவு என்றால் சீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று நானே கணக்குப் போட்டு, கூழ் பதத்தில் ஓர் அண்டா காய்ச்சினேன். தெளிக்கவில்லை. ஊற்றினேன்.

ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தால் சீட் அப்பளமாக நின்றது, வேன் முழுவதும் புதுச் சோற்று மணம். மேலே காய்ந்திருந்ததே தவிர, உள்ளே பஞ்சு கஞ்சியைக் குடித்துவிட்டு ஈரமாகக் காத்திருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

வாலாஜாபாத்தில் சிஸ்டரம்மா வாசலுக்கு வந்தார். அரக்கு நிறப் பட்டுச் சேலை, இஸ்திரி மடிப்பு கலையாமல். வேன் கதவைத் திறந்து, உள்விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் நுனியைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு இடத்தில் ஓட்டிப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரி வண்டிகூட இவ்ளோ சுத்தமா இருக்காதே!” என்றார் ரேவதியிடம்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. முன் சீட் ரெக்சின். கஞ்சி வாங்காத அந்தச் சீட்டில் ரேவதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மரியாதைக்குரிய பின் சீட்டில் சிஸ்டரம்மா தனியாக, நிமிர்ந்து, ராணி மாதிரி உட்கார்ந்தார். ஜூன் மாத வெயில் வழி முழுவதும் கூடவே வந்தது.

வீட்டு வாசலில் அப்பாவும் அம்மாவும் கைகூப்பி நின்றார்கள். நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். சிஸ்டரம்மா எழுந்தார். எழுந்தார் என்பது தவறு, எழுந்திருக்க முயன்றார். ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடி உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

“நீங்க உள்ள போங்க. நான் வரேன்” என்றார் நிதானமாக.

யாரும் போகவில்லை. அவரும் வரவில்லை. அம்மா வேனுக்குள் ஏறி, சீட்டை விரலால் தொட்டு, விரலை முகர்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“கஞ்சிடா! சீட்டுக்குக் கஞ்சி போட்டுக்கிறான்!”

“எவ்ளோ கெட்டியாடா போட்ட?” என்று அப்பா தொழில் சந்தேகம் கேட்டார்.

ரேவதி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி கம்பெனியில் வேறு ஷிஃப்டுக்கு மாற்றல் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்தது.

அம்மா சேலையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனாள். உள்ளேயிருந்து வார்டுக் குரல் வந்தது.

“பிய்க்காதீங்கம்மா! புண்ணுல ஒட்டின கட்டப் பிய்ச்சா தோலும் வந்துடும். நனைச்சுதான் எடுக்கணும். வெந்நீர் கொண்டாரச் சொல்லுங்க.”

“வெந்நீரா? ஐயோ, இது அசல் பட்டும்மா. சுடுதண்ணி பட்டா சாயம் எறங்கிப் பூடும். பச்சத் தண்ணிதான்” என்றாள் அம்மா.

“பச்சத் தண்ணியில கஞ்சி எளகுமா?”

“நேரமாவும். ஆனா எளகும். ஒத்தி ஒத்தி எடுப்போம்.”

சிஸ்டரம்மா யோசித்தார். அவர் வாழ்நாளில் வேறொருவர் சொன்ன சிகிச்சையை ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று ரேவதி பிறகு சொன்னாள். “சரி. ஆம்பளைங்கல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க” என்று உத்தரவு வந்தது. கதவு சாத்தப்பட்டது. அப்பாவும் நானும் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றோம். புதுச் சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது. பார்க்க வேண்டியவர்தான் அதைப் பார்க்கவில்லை.

வேனுக்கே காபி போயிற்று. பலகாரமும் போயிற்று. வீட்டுக் கூடத்தில் நடந்திருக்க வேண்டிய விசாரணை வேன் ஜன்னல் வழியாக என் முதுகைப் பார்த்து நடந்தது.

“இத யார் செஞ்சது?”

“நான்தாம்மா” என்றேன் சுவரிடம்.

“ஏன்?”

“நீங்க வரீங்கன்னு.”

“சிகரெட், குடி?”

“இல்லம்மா.”

“சமையல் தெரியுமா? கஞ்சி வைக்கத் தெரியாதுன்னு தெரியுது. வேற?”

நான் பதில் யோசிப்பதற்குள் அப்பா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, “கோவப்படாதீங்கம்மா. நேத்து வரைக்கும் இந்த வண்டிய நீங்க பாத்திருக்கணும்” என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தும் நிறுத்தவில்லை. நெல் முளைத்தது, இட்லி கல்லானது, தண்ணீர் கறுப்பாகப் போனது என்று ஒன்று விடாமல், பெருமையாக, சுவருக்குச் சொல்லி முடித்தார். வேனுக்குள் ஈரத் துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது.

“அவ்ளோத்தையும் இவன் ஒருத்தனா எடுத்தான்?” என்றது சிஸ்டரம்மாவின் குரல். அதில் கோபம் இல்லை. முந்தின நாள் அந்த விரிப்பைத் தூக்கிப் பிடித்தபோது எனக்கு இருந்தது என்னவோ, அதுதான் இருந்தது.

“ஒருத்தனாத்தாம்மா. சாப்பிடக்கூட எழுந்திருக்கல” என்றாள் அம்மா.

சாதாரணமாக, வார்டில் பஞ்சு கேட்பது போல, சிஸ்டரம்மா சொன்னார்:

“சம்பந்தி, அந்த ஓரத்த இன்னும் கொஞ்சம் நனைங்க.”

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க அனுமதி இல்லாததால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தே சிரித்தோம், கொஞ்சம் அழுதோம்.

சிஸ்டரம்மா கடைசியில் அம்மாவின் நூல் சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். சரிகைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாயமும் இறங்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டபோது, “அது எதுக்கு, அப்புறம் பாத்துக்கலாம்” என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும், புதிதாக வீட்டுக்கு வருகிற யாராவது எங்களைப் பார்த்து, “உங்களுது லவ் மேரேஜா, பெரியவங்க பாத்து வெச்சதா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ரேவதி முந்திக்கொள்வாள்.

“ரெண்டும் இல்லைங்க. எங்கம்மாவால எழுந்திருக்க முடியல. அதனால ஒத்துக்கினாங்க.”