இடது சீட்டில் ஓர் ஓட்டுநர்

நாலு புத்தகம் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் நேரடியாகக் கற்றுக்கொள்ள மாட்டான். கற்பது எப்படி என்று முதலில் கற்கப் போவான். நான் கார் ஓட்டப் பழகியது அப்படித்தான்.

தேதி, கிழமை மறக்காதவன் என்று திண்டுக்கல்லில் எனக்கொரு பெயர் உண்டு. லைசென்ஸ் டெஸ்ட்டில் முதல் தடவை தோற்ற தேதியை மட்டும் நானாகச் சொல்வதில்லை. அன்று மாலையே மனைவி செல்வி அறிவித்தாள்: "அடுத்த தடவையும் கோட்டை விட்டீங்கன்னா, காரை ஒட்டன்சத்திரத்து அண்ணனுக்குக் குடுத்துருவேன். சும்மா நிக்கிற வண்டியத் தொடைக்க என்னால முடியாது." டிக்கியில் தக்காளிப் பெட்டி எத்தனை அடங்கும் என்று காய்கறி வியாபாரியான அவள் அண்ணன் போனில் விசாரித்தே விட்டார்.

பயந்துபோய்க் கற்றல் கோட்பாடுகளைப் புரட்டினேன். சரியாகச் செய்தால் பரிசு கொடு என்றது ஒன்று. ஒழுங்காக ரிவர்ஸ் எடுத்த நாளெல்லாம் எனக்கு நானே மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். (எடுக்காத நாளில் ஆறுதலுக்கு.) மனக்கண்ணில் ஓட்டிப் பழகு என்றது இன்னொன்று. சோபாவில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துப் பழனி வரை போய் வந்தேன். ஒரு சிராய்ப்பு இல்லை.

பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவனே நன்றாகக் கற்கிறான் என்ற கோட்பாடுதான் எனக்கென்றே எழுதியது போலிருந்தது. செல்விக்கும் எல்.எல்.ஆர். வாங்கி, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் பாடம் தொடங்கினேன். அவள் ஓட்ட, நான் இடது சீட்டிலிருந்து சொல்ல, லைசென்ஸ் உள்ள பக்கத்து வீட்டு ஜோசப் அண்ணன் பின்னால் காவல்.

"ஏப்பா, நீ எப்பத்தான் ஓட்டப் போற?"

"மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்ணே."

இருவருக்கும் ஒரே நாளில் டெஸ்ட். செல்வி அலுங்காமல் போய் வந்து பாஸானாள். அடுத்து என் பெயர். நேராகப் போய் இடது கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டேன். ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.

"சார், உங்களுக்குத்தான டெஸ்ட்டு?"

"ஆமா சார்."

"அப்ப யாரு ஓட்டுறது?"

நாக்கு பழகிய தடத்தில் போனது. "பயப்படாம உக்காருங்க. கிளட்ச மெதுவா விட்டாப் போதும், நான் சொல்றேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. வலப்பக்கம் மாறி உட்கார்ந்தால் கைகால் வேறு யாருடையதோ போலிருந்தது. வண்டி தவளைபோல் துள்ளி அணைந்தது.

கார் ஒட்டன்சத்திரத்து அண்ணனுக்குப் போகவில்லை. ஓட்டத்தான் வீட்டில் ஆள் வந்துவிட்டதே. கோட்பாட்டிலும் பிழையில்லை. யாரோ ஒருவர் நன்றாகக் கற்றது உண்மை.

இன்றும் சொந்தக்காரர் கல்யாணத்தில் எவராவது மண்டப வாசலில் காரைத் திருப்ப முடியாமல் திணறினால், செல்வியின் அண்ணன் பந்தியிலிருந்தே குரல் கொடுப்பார்: "ஏனுங்க மாப்ள, கொஞ்சம் வாங்க! வாசல்ல ஒருத்தர் பயப்படறாருங்க!"

நானும் போகிறேன். இடது கதவு வழியாகத்தான் ஏறுகிறேன்.