சுவருக்கு வெளிச்சம் காட்டுகிறவர்

சைக்கிள் வைத்திருப்பவர்களில் ஓர் இனம் உண்டு. அவர்கள் சைக்கிளை ஓட்டமாட்டார்கள், சைக்கிள் விளக்கை ஆராய்வார்கள். விளக்கு எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு சாய வேண்டும், டைனமோவா பேட்டரியா, ஹேண்டில்பாரா ஃபோர்க்கா என்று கேட்டுவிட்டால் மூச்சு விடாமல் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். கேட்காவிட்டால் ஒன்றரை மணி நேரம்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? எதிரே ஒரு சைக்கிள் வந்தால் நாமெல்லாம் ஆளைப் பார்ப்போம், இவர் விளக்கைப் பார்ப்பார். ஆஸ்பத்திரி வாசலில் யாரையோ பார்க்க வந்த இடமாக இருந்தாலும் சரி, அங்கே நிறுத்தியிருக்கிற ஏதோ ஒரு சைக்கிள் முன்னால் குனிந்து, விளக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்து, "கிளாம்ப் லூசு" என்பார். யார் சைக்கிள்? தெரியாது. லூசாக இருந்ததா? இல்லை. இப்போது ஆகிவிட்டது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காமல், பஞ்சர் ஒட்டியே மூன்று கடை வைத்தவன் சொல்கிறேன், இந்த இனத்தில் வாரத்துக்கு நாலு பேரையாவது பார்த்துவிடுகிறேன். வருவார்கள், கண்ணாடி அலமாரியில் இருக்கிற விளக்கையெல்லாம் இறக்கச் சொல்வார்கள், ஒவ்வொன்றையும் எரியவிட்டுக் கடைச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், கிளம்பிவிடுவார்கள். ஒரு நட்டு வாங்கமாட்டார்கள்.

அவர்களில் முதல் இடம் எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குகிற வேலை. தெருவே அவரை ‘ஃபோகஸ்’ என்றுதான் கூப்பிடும். அதில் அவருக்குப் பெருமை வேறு. கேலி என்று புரிந்தால்தானே வருத்தப்படுவதற்கு?

ஃபோகஸின் மனைவி ஆயத்த ஆடை ஃபேக்டரியில் துணி வெட்டுகிறவள். நாற்பது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூல் பிசகாமல் வெட்டுகிற கை அவளுடைய வலது கை. காலை ஐந்தரைக்கு ஷிஃப்ட், நாலே முக்காலுக்குக் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். வழியில் கால்வாய் ஓரமாக ஒன்றரை மைல், தெருவிளக்கு கிடையாது, நடுவில் ஒரு பக்கம் இடிந்த சின்னப் பாலம். சில மாதங்களுக்கு முன்னால் பட்டன் தைக்கிற பெண் ஒருத்தி அங்கே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் மிஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் இவள் புருஷனிடம் கேட்டாள்.

"என்னங்க, என் சைக்கிளுக்கு ஒரு லைட்டு மாட்டிக் குடுங்க."

ஃபோகஸுக்குப் புல்லரித்துப்போனது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவருடைய துறைக்குள் வந்து ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. மாட்டிக் கொடுப்பதென்றால் பத்து நிமிஷ வேலை. ஆனால் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டால் அவளுக்கு இதன் ஆழம் எப்படிப் புரியும்?

முதல் வாரம் டைனமோவுக்குப் போனது. டயரில் உரசவிட்டுப் பார்த்தார், பெடல் கனத்தது. அது போகட்டும் என்றால் இன்னொரு சிக்கல்.

"வண்டி நின்னா லைட்டும் அணைஞ்சிடும். நீ நிக்கிற இடத்துல பள்ளம் இருந்தா என்ன பண்ணுவ?"

"நின்னுட்டா எப்படிங்க பள்ளத்துல விழுவேன்?"

ஃபோகஸ் டைனமோவைக் கழற்ற ஆரம்பித்தார். அடிப்படை தெரியாதவர்களோடு அவர் விவாதிப்பதில்லை.

இரண்டாவது வாரம் பேட்டரி விளக்கு. முன் சக்கரத்து அச்சருகே, தாழ்வாக மாட்டினார். தரையில் கிடந்த நிலக்கடலைத் தோல் எருமை அளவுக்கு நிழல் போட்டது. அடுத்து, தலைக்கு மேலே போய்விட்டார், ஹெல்மெட்டில் கட்டினார், அதைப் போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். அவர் யாரைப் பார்த்துப் பேசினாலும் அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "பாத்தியா, எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும்," என்று வெற்றியோடு கழற்றினார். அன்று குழம்பு எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்று வீட்டில் யாருக்கும் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

இத்தனை நாளும் அவள் எப்படிப் போனாள் என்கிறீர்களா? டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போனாள். ஃபேக்டரி வாசலில் காவலாளி ஏதாவது கேட்டால் "ம்" என்பாள். அவ்வளவுதான் முடியும்.

சரி, இந்தச் சோதனையெல்லாம் எங்கே நடந்தது? வீட்டு நடையில். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, எதிரே சுவர். வெளிச்சம் விழுகிற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம், வட்டத்துக்குள் தேதி, பக்கத்தில் உயரம். மூன்றாவது வாரம் முடிவதற்குள் அந்தச் சுவரில் வெள்ளை தெரியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஃபோகஸுக்குத் தான் கழுவி அடுக்கிய குடுவைகளில் மற்றவர்கள் செய்த ஆராய்ச்சியெல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

அவளுடைய தம்பி, குழாய் ரிப்பேர் செய்கிறவன், ஒருநாள் வந்து சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, ரோட்டுல ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமே."

"ரோட்டுல சுவர் எங்கடா இருக்கு?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள்.

இருபத்து மூன்றாவது நாள் முடிவு அறிவிக்கப்பட்டது. ஹேண்டில்பாருக்கு நட்டநடுவில், அரை விரல் கீழே சாய்த்து. மாட்டி, எரியவிட்டு, வட்டம் சரியாக வட்டத்தில் விழுந்ததைக் காட்டினார். பழுதில்லாத வெளிச்சம், அதை நான் மறுக்கவில்லை. "இனிமே உனக்கு இது எதுக்கு?" என்று டார்ச்சிலிருந்து பேட்டரியை எடுத்துத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நாலே முக்காலுக்கு அவள் கிளம்பினாள். தெருவிளக்கு இருக்கிறவரை ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. கடைசித் தெருவிளக்கைத் தாண்டியதும் தெரிந்தது. சைக்கிளின் முன்னால் ஒரு கம்பிக் கூடை. கூடையில் அவள் பை. உள்ளே கத்தரி, மேல் அங்கி, சாப்பாட்டு அடுக்கு, நிமிர்த்தி வைத்தால் ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு சாண் நிற்கிற பை. இருபத்து மூன்று நாள் சோதனையில் அந்தக் கூடை ஒருநாள்கூட நிரம்பியிருக்கவில்லை. சுவர் பார்க்கப் போகிறவருக்குப் பை எதற்கு?

அவள் இருபது நிமிஷத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். முழங்காலில் புடவை கிழிந்திருந்தது. வலது உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது. ஃபோகஸ் வாசலுக்கு ஓடி வந்தார், குனிந்தார், விளக்கைப் பார்த்தார்.

"லைட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைங்க. நல்லா எரிஞ்சுது. என் பையில ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது வரைக்கும் தெரிஞ்சுது. பாலம்தான் தெரியலை."

"பையை ஏன் முன்னாடி வச்ச?"

"கூடைன்னா பை வைக்கத்தாங்க."

"நான் டெஸ்ட் பண்ணும்போது காலியாத்தானே இருந்துது. நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்ல."

அவள் வலது கையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கி, விரல் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல். ஐந்தும் மடங்கின. திரும்பவும் ஒருமுறை மடக்கினாள். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

"மடங்குது," என்றாள். "மடங்கலைன்னா, நாளைக்கு அந்தச் சுவர்தான் நமக்குச் சோறு போட்டிருக்கணும்."

கையைக் கழுவி, துணி சுற்றிக்கொண்டு, சுற்றுவழியில் நடந்தே ஃபேக்டரிக்குப் போனாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். முதல் காரியமாக, "அக்கா, பையைக் கூடையில வை," என்றான். வைத்தாள். விளக்கைக் கழற்றினான். தன் பெட்டியிலிருந்து ஒரு குழாய் கிளாம்ப் எடுத்து, கூடைக்குக் கீழே, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் தலையில் வைத்து இறுக்கினான். நாலு நிமிஷம். பொழுது சாயட்டும் என்று காத்திருந்து, "இப்ப ஓட்டு," என்றான். அவள் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"தெரியுது," என்றாள்.

இருபத்து மூன்று நாள் ஆராய்ச்சிக்குக் கிடைக்காத சான்றிதழ் அது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த ஃபோகஸ் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? வெட்கப்படத் தெரிந்தால் அவர் ஏன் இந்த இனத்தில் இருக்கப்போகிறார்? மறுநாள் நேரே என் கடைக்கு வந்தார்.

"ஃபோர்க்குதான் சரியான இடம். நான் முதல்லேர்ந்தே சொல்லிக்கிட்டிருக்கேன். மச்சான் மாட்டுனது மட்டும் ரெண்டு டிகிரி இடப்பக்கம் இழுக்குது. இன்னிக்கு நான் சரி பண்ணிடுவேன்."

"பண்ண வேண்டியதுதானே," என்றேன்.

"ஸ்பேனரைக் காணோம்."

காணாமல் எங்கே போகும்? அன்று முதல் அவள் அதைத் தன் பையில் போட்டு ஃபேக்டரிக்கு எடுத்துப் போகிறாள். வீட்டுக்கு வந்தால் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிறாள். என்னிடம் ஒன்று கடன் கேட்டார். நானா கொடுப்பேன்?

போகட்டும், அவரைப் பார்த்துச் சிரித்தது போதும். உங்களை ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ‘பேசாமல் கூடைக்கு முன்னாலேயே மாட்டியிருக்கலாமே’ என்று உங்கள் மனதில் ஓடியதா, இல்லையா? அவள் முழங்கால் ஆறிற்றா என்று கேட்க வேண்டும் என்று ஓடியதா?

ஆறிவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

அப்புறம், எதற்கும் உங்கள் வீட்டு ஸ்பேனர் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.